பழைய ஆஃப்செட் ஸ்மோக்கர் வாங்கலாமா? வேலூர்ப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

எனக்குக் காட்பாடி. வீட்டுப் பின்கட்டில் இப்போது ஒரு ஸ்மோக்கர், அதாவது கறியை விறகுப் புகையில் மெல்ல வேகவைக்கும் இரும்பு அடுப்பு, நிற்கிறது. அதற்கு முன்னால் வேறொன்று நின்றது. இரண்டுமே செகண்ட் ஹேண்ட். முதலாவதை ஏமாந்து வாங்கினேன், இரண்டாவதைத் தட்டிப் பார்த்து வாங்கினேன். அது தெரிந்ததிலிருந்து ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை என்று எங்கிருந்தாவது போன் வந்துவிடுகிறது: "அண்ணா, ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ச் சேர்த்து எழுதியது இது.

ஆஃப்செட் ஸ்மோக்கர் என்றால் தந்தூரி அடுப்பு மாதிரியா?

இல்லை. தந்தூரியிலும் கிரில்லிலும் நெருப்புக்கு நேர் மேலே கறி இருக்கும். இதில் நெருப்பு ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம். பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி. அதில் விறகு எரியும். சூடும் புகையும் அங்கிருந்து பெரிய பெட்டிக்குள் நுழைந்து, கறியைத் தடவிக்கொண்டே போய், மறுகோடியில் இருக்கும் புகைப்போக்கி வழியாக வெளியேறும். அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்தில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த தடித்த குழாய்களை வெட்டி, வெல்டிங் தெரிந்தவர்கள் செய்து பரப்பிய சாமான் இது. ஆகவே உள்ளூர் வெல்டருக்கு இதில் புரியாத மர்மம் எதுவும் கிடையாது.

சின்னப் பெட்டியைத் தீப்பெட்டி என்று எழுதினால் வத்திக்குச்சி ஞாபகம் வரும். அதனால் இங்கே அதற்கு அடுப்புப் பெட்டி, பெரியதற்குக் கறிப் பெட்டி.

எனக்கு இது தேவைதானா?

விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பலர் கேட்பதில்லை. ஒரு முழு ஆட்டுத்தொடை வேக நாலைந்து மணி நேரம். மாட்டு நெஞ்சுக்கறி பெரிதாக இருந்தால் பத்து மணி நேரம்கூட ஆகும். அந்த நேரம் முழுக்க அரை மணிக்கு, முக்கால் மணிக்கு ஒரு விறகுத் துண்டு போட ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குக்கர் மாதிரி விசில் வரும்வரை டிவி பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவதே உங்களுக்குச் சந்தோஷம் என்றால் வாங்குங்கள். சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் வரும்போது மட்டும் சிக்கன் சுட வேண்டுமென்றால் சாதாரணக் கரியடுப்பு போதும். கேட்டவர்களில் பாதிப்பேரை இந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார்.

முதலில் எதைப் பார்ப்பது?

தகட்டின் கனத்தை. பெயின்ட், சக்கரம், முன்பக்கத்து மரத்தட்டு, ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம்.

மெல்லிய தகடு சூட்டைத் தேக்கி வைக்காது. மூடியை ஒருதரம் திறந்தால் சூடு சரிந்துவிடும், ஒரு துண்டு விறகு போட்டால் எகிறிவிடும். 6 மில்லிமீட்டர் தகடு சூடேற ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஏறிய பிறகு லேசில் இறங்காது. கறிப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய சூடு 107 முதல் 135 டிகிரி செல்சியஸ். அந்த இடைவெளிக்குள் நிறுத்தி வைப்பதற்குத் தடித்த இரும்பு பாதி வேலையைத் தானே செய்துவிடும்.

அளக்க ஒரு வெர்னியர் எடுத்துப் போங்கள். ஆனால் மூடியின் விளிம்பில் அளக்காதீர்கள். மெல்லிய தகட்டில் செய்தவர்கள் விளிம்பை மடித்துவிடுவார்கள். பார்வைக்கு இரட்டிப்புக் கனமாகத் தெரியும். காற்றுத் துவாரத்தின் ஓரத்திலோ போல்ட் ஓட்டையிலோ அளந்தால்தான் உண்மை வரும்.

வெர்னியர் இல்லையா? எடை பொய் சொல்லாது. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. அரை மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளத்தில் உருளையான கறிப் பெட்டி, 40 சென்டிமீட்டர் சதுரத்தில் அடுப்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் தகடானால் இரண்டும் சேர்ந்து சுமார் 137 கிலோ. 2 மில்லிமீட்டரானால் 46 கிலோதான். கால், கம்பி வலை, புகைப்போக்கியை நான் சேர்க்கவில்லை. இந்த அளவுள்ள ஒன்றை இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கி வண்டியில் ஏற்றினால், நீங்கள் வாங்குவது ஸ்மோக்கர் இல்லை, டின்.

என் முதலாவது அப்படித்தான். பழுது பார்க்கக் கூப்பிட்ட வெல்டர் விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "சார், இது தகடு இல்ல சார், அப்பளம்" என்றார்.

துருப் பிடித்திருக்கிறது. வேண்டாமென்று வந்துவிடலாமா?

எந்தத் துரு என்பதைப் பொறுத்தது. மேலே பொடியாக, செம்மண் தூவியது போல இருப்பது வெறும் தோல் துரு. கம்பி பிரஷ், எமரி, எண்ணெய். அரை நாள் வேலை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் அடுப்புப் பெட்டியின் தரை. சாம்பலை அள்ளாமல் விட்டுவிடுவார்கள், அதில் மழைத் தண்ணீர் இறங்கும்.  சாம்பல் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு அடைமழை போதும், உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

மூடிப்போன ஓர் உணவகத்தின் சாமான்களை விற்கிறார்கள் என்று சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். புதுக் கறுப்புப் பெயின்ட், முகம் பார்க்கலாம். "போன மாசந்தான் சார் பெயின்ட் அடிச்சோம்." எதற்கு அடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. குனிந்து அடுப்புப் பெட்டிக்குள் கையை விட்டுச் சாம்பலை ஓரமாகத் தள்ளினேன். பின்மூலையில் தரை கொஞ்சம் வழவழவென்று இருந்தது. இரும்பு அப்படி இருக்காது. பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கார் டிங்கரிங்கில் பூசுகிற பட்டியைப் பூசி, அதன்மேல் பெயின்ட். திருகி எடுத்தபோது ஓட்டை வழியாகக் கீழே புல் தெரிந்தது. விற்பவர் என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டார்ச். சுத்தியலால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். "ணங்" என்று வந்தால் சரி. "டொக்" என்று வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர். ஓட்டை விழுந்திருந்தால்கூட மற்றதெல்லாம் தடித்த தகடு என்றால் நான் வாங்குவேன். தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டுவது சின்ன வேலை. கறிப் பெட்டி ஓட்டையாகியிருந்தால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கதவும் மூடியும் சரியாக மூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பத்திரிகைத் தாளைக் கிழித்து மூடி இடுக்கில் வைத்து மூடுங்கள். இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் இப்படிப் பாருங்கள். கறிப் பெட்டி மூடியில் கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை, நாளடைவில் கொழுப்பும் புகையும் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். அடுப்புப் பெட்டிக் கதவு கோணியிருந்தால்தான் தொல்லை. அந்த வழியாக நீங்கள் கேட்காத காற்று உள்ளே போகும், நெருப்பு உங்கள் பேச்சைக் கேட்காது.

கசிவை அடைக்கக் கயிறு வாங்கும்போது ஜாக்கிரதை. ஹார்டுவேர் கடையில் பழக்கதோஷத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை எடுத்து நீட்டுவார்கள். அதை வாங்காதீர்கள். கண்ணாடி இழைக் கயிறு என்று கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் டிரம்மில் செய்தது, கேஸ் சிலிண்டரில் செய்தது எல்லாம் விலைக்கு வருகிறதே?

நம் பக்கத்தில் இதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் தொழில் ஊர்கள். தோல் பதனிடும் இடங்களுக்கு என்னென்னவோ ரசாயனம் வருகிறது, காலி டிரம் காயலான் கடைக்குப் போகிறது. உள்ளே என்ன இருந்தது என்று டிரம்முக்குத் தெரியும், அது சொல்லாது. சமையல் எண்ணெய் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, டிரம்மில் செய்ததை விட்டுவிடுங்கள். எரித்துச் சுத்தம் பண்ணிவிட்டேன் என்பார்கள். எதை எரித்தார்கள் என்று தெரியாதபோது சுத்தம் எங்கிருந்து வரும்?

வீட்டு கேஸ் சிலிண்டர் நம்முடையதே இல்லை, எண்ணெய் நிறுவனத்துடையது. டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதை வெட்டுவது குற்றம். மிச்ச வாயு இருந்தால் வெட்டும்போதே வெடிக்கும்.

மூன்றாவது ஜிஐ தகடு. வெள்ளிப் பூப்போல மினுமினுக்கும் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரிக்குக் கிட்டே உருகிவிடும். விறகுத் தீ நேராகப் படுகிற அடுப்புப் பெட்டியில் அந்தச் சூடு சாதாரணம். இன்னும் சூடேறினால் புகையாகவே கிளம்பும். ஜிஐ குழாய் ஒட்டிய அன்று ராத்திரி வருகிற காய்ச்சலைப் பற்றி எந்த வெல்டரைக் கேட்டாலும் சொல்வார். கால், சக்கரச் சட்டம் ஜிஐயில் இருந்தால் இருக்கட்டும். நெருப்பு படும் இடத்திலும் கறி இருக்கும் இடத்திலும் கூடாது.

என்ன விலை கொடுக்கலாம்?

இரண்டு விலையைத் தெரிந்துகொண்டு பேசப் போங்கள். அடிமட்டம் காயலான் கடை விலை. அன்றைக்குப் பழைய இரும்பு கிலோ என்னவென்று கேட்டு எடையால் பெருக்குங்கள். பேச்சுக்குக் கிலோ 30 ரூபாய் என்றால், 170 கிலோ சாமானுக்கு 5,100 ரூபாய். அதற்குக் கீழே யாரும் தர மாட்டார்கள், தந்தால் யோசிக்காமல் எடுங்கள். மேல்மட்டம், அதே அளவில் அதே தகட்டில் புதிதாகச் செய்ய ஒரு பட்டறைக்காரர் சொல்லும் விலை. நான் இரண்டுக்கும் நடுவில் ஆரம்பித்து, ஒவ்வொரு குறைக்கும் இறங்குவேன். சூடுமானி வேலை செய்யவில்லை, சக்கரம் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் சில்லறைக் குறைகள், பேரத்துக்கு உதவும்.

"வெளிநாட்டு மாடல் சார், அங்க இவ்ளோ டாலர்" என்று ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே வெர்னியரை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவற்றிலும் அப்பளம் உண்டு.

அதற்குப் பதில் ராணிப்பேட்டையில் புதிதாகவே செய்துகொள்ளலாமே?

செய்யலாம். சில சமயம் அதுவே நல்லது. பாய்லருக்குத் துணைக் கருவிகள் செய்யும் பெல் ஆலை அங்கே இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் தகட்டை உருட்டவும் வளைக்கவும் ஒழுங்காக ஒட்டவும் தெரிந்த பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இதில் சமைத்துப் பார்த்ததில்லை. வரைபடம் இல்லாமல் போய் "புகை போடுற அடுப்பு" என்று சொன்னால், குட்டியாக ஒரு புகைப்போக்கியை உச்சியில் நட்டுத் தருவார்கள். அடுப்புப் பெட்டி கறிப் பெட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், புகைப்போக்கியின் வாய் கறி வைக்கும் கம்பி மட்டத்துக்குக் கிட்டே தொடங்க வேண்டும், கொழுப்பு வடிய ஒரு பக்கம் சரிவும் துளையும் வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். பழையதை வாங்கப் போகும்போதும் இதே மூன்றைப் பார்க்கலாம்.

நம்ம ஊரில் என்ன விறகு?

வேலிகாத்தான்! தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள். டெக்சாஸ்காரர்கள் கறி சுடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெஸ்கீட் மரம் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை. இங்கே பாலாற்றங்கரையில் திட்டிக்கொண்டே வெட்டுகிறோம். புகை காட்டமாக இருக்கும். மணிக்கணக்கில் வேகும் கறிக்கு முழுக்க இதையே போட்டால் நாக்கில் ஏறும். பாதி மாமரம் கலந்துகொள்வேன். கொய்யா கிடைத்தால் கோழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளியமரம் நின்று சூடாக எரியும், அதுவும் நல்லதுதான். தைல மரம் வேண்டாம். வேப்பம்புகை கொசுவுக்கு. பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், பேக்கிங் பெட்டிப் பலகை பக்கமே போகாதீர்கள்.

விறகுத் தொட்டியில் "காஞ்சது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். கோலாட்டக் கட்டை போல ஓசை எழும்பினால் காய்ந்தது, மொத்தென்று இருந்தால் ஈரம். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும்.

நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, ஸ்மோக்கர் என்றால் புகை கக்க வேண்டும் என்று நினைத்து ஈர விறகைப் போட்டு மூடுவது. வெள்ளையாகக் கெட்டிப் புகை வந்தால் கறி கசக்கும். நெருப்பு சின்னதாக, ஆனால் கொழுந்து விட்டு எரிய வேண்டும். புகைப்போக்கியில் புகை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய நீலம். ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் ஒருவர் என் அடுப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே கதவை இரண்டு விரற்கடை திறந்து வைத்தார். விறகடுப்பில் காலம் தள்ளியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலூர் வெயிலில் இது தாங்குமா?

அது தாங்கும். நீங்கள் தாங்குவீர்களா என்பதுதான். அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு இரும்பு வெயிலிலேயே தொட முடியாதபடி காய்ந்துவிடும், விறகு குறைவாகப் பிடிக்கும். ஆனால் பச்சைக்கறியை வெளியே வைத்துவிட்டுப் போன் பேசக் கூடாது. ஆடி மாதம் வேறு கதை. காற்று அடுப்புப் பெட்டியின் வாய்க்குள் நேராக வீசினால் சூடு தாறுமாறாக ஏறும். அதனால் சக்கரம் நன்றாக உருள்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், திருப்பி வைக்க வேண்டிவரும். மழைக்காலத்தில் சாம்பலை அள்ளிவிட்டுப் புகைப்போக்கியின் மேல் ஒரு பழைய கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிடுங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா?

150 கிலோவுக்கு மேல் உள்ளதை மாடிப்படியில் ஏற்றுவதற்குள் நட்பு முறிந்துவிடும். சின்டெக்ஸ் டேங்க், துணிக்கொடி, பக்கத்து வீட்டு ஜன்னல் மூன்றும் தள்ளி இருந்தால் யோசிக்கலாம். ஷெட்டுக்குள், கார் நிறுத்தும் மூடிய இடத்தில் மட்டும் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எந்தக் கறி எடுப்பது? கடைக்காரருக்குப் புரியுமா?

கறி கிடைக்கும், கத்தியை நிறுத்துவதுதான் கஷ்டம். "நெஞ்சுக்கறி, முழுசா, வெட்டாம குடுங்க பாய்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு துண்டாகிவிடும். முதல் நாளே சொல்லி வையுங்கள். இங்கே கிடைக்கும் மாட்டில் கொழுப்பு குறைவு. அமெரிக்க வீடியோவில் பார்க்கிற மாதிரி நெஞ்சுக்கறி வழுக்கிக்கொண்டு வராது, வறண்டுபோகும். ஆரம்பத்துக்கு ஆட்டு முன்னங்காலோ மாட்டு விலா எலும்போ நல்லது. கோழியானால் உள்ளே 74 டிகிரி தொட வேண்டும், பெட்டியின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி 140இல் வைத்தால் தோல் ரப்பராகாது. பக்ரீத் சமயத்தில் தொடை தொடையாக வீட்டில் சேருமே, அப்போது இதற்கு ஓய்வே இருக்காது.

கறியின் உள்சூடு 68 டிகிரியில் நின்றுவிட்டது, இரண்டு மணி நேரமாக ஏறவில்லை. பழைய ஸ்மோக்கர் என்பதால் பழுதா?

பழுதில்லை. கறி வியர்க்கிறது. மேலே ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி. பெரிய துண்டுகள் 65க்கும் 75க்கும் நடுவில் இப்படி நிற்கும், பிறகு தானே ஏறும். இந்த நேரத்தில்தான் புது ஆட்கள் பதறிப்போய் விறகை அள்ளிப் போடுவார்கள்.

மூடியில் இருக்கும் சூடுமானியை நம்பலாமா?

வேண்டாம். கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் முனையை வைத்துப் பாருங்கள், வேலூர் உயரத்தில் 99 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். ஃபாரன்ஹீட் முள்ளாக இருந்தால் 211. சரியாகக் காட்டினாலும் அது மூடி உச்சியின் சூடு. கம்பி மட்டத்துக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சமைக்கலாமா?

குட்டியானையில் ஏற்றும்போது படுக்க வைக்காதீர்கள், கீல் வளையும். வழியில் எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்துக்கொள்வது என் பழக்கம். பணத்தில் பாதியை அதற்குப் பிறகுதான் அனுப்புவேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

வந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். சாம்பல் தட்டுக்கு அடியில் தேள் இருக்கும், புகைப்போக்கியில் குளவிக் கூடு இருக்கும். முதலில் கொஞ்சம் காகிதம் எரித்துப் புகை போடுங்கள். பிறகு பெரிய நெருப்பாக மூட்டிப் பழைய கொழுப்பையெல்லாம் கருக்கி, சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஆசிட் வேண்டாம். குரோம் பூச்சு உரியும் கம்பி வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் புதிது செய்துகொள்ளுங்கள். உள்பக்கம் முழுக்கக் கடலை எண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தடவி, 130 டிகிரியில் மூன்று மணி நேரம் எரிய விடுங்கள். பெயின்ட் வெளியில் மட்டும், சூடு தாங்கும் ரகம். கறி மறுநாள்.

வாங்கின பிறகு பிடிக்கவில்லை என்றால்?

தடித்த தகடு என்றால் போட்ட காசுக்குக் கிட்டே திரும்ப விற்றுவிடலாம், கேட்க ஆள் இருக்கிறது. என் முதலாவது அப்பளத்தை வாங்க யாரும் வரவில்லை. அடுப்புப் பெட்டியைத் தனியாக அறுத்து எடுத்து அம்மாவுக்கு வெந்நீர் அடுப்பாக்கிக் கொடுத்தேன். கறிப் பெட்டிக்குள் தென்னை மட்டையும் கொட்டாங்கச்சியும் அடுக்கி, நனையாமல் மூடி போட்டு வைத்திருக்கிறார். அந்த மூடி மட்டும் இன்றுவரை கச்சிதமாகப் பொருந்துகிறது.